கதவை அளந்தீர்களா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பெரிய தளபாடக் கடைகளிலும் டிஸ்கவுண்ட் கடைகளிலும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள் என்று இரண்டு வரிதான் போட்டிருந்தோம். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில்) வளர்ந்தவள், அப்புறம் கண்டியில் ஒரு பெரிய தளபாடக் கடையில் 9 வருடம் விற்பனைப் பெண்ணாக நின்றவள். வாங்குகிற பக்கத்தையும் தெரியும், விற்கிற பக்கத்தையும் தெரியும். அந்த இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, தீபாவளிக்கு மூன்று கதவு அலுமாரி ஒன்று வாங்கினோம். கடையில் பார்த்தபோது அடக்கமாகத்தான் தெரிந்தது. லொறிக்காரர்கள் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நாலு பேர் சேர்ந்து எண்பது படி தூக்கிக்கொண்டு வந்தால் காம்பரா (அறை) கதவுக்குள் நுழையவே இல்லை. இரண்டு நாளாக இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். கடைக்குப் பேசினால் விற்ற பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, நோர்வூட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தார்ப்பாயைக் கீழ்ப்பக்கமும் சுற்றிக் கட்டுங்கள். நனைவது பெரும்பாலும் அடியிலிருந்துதான்.

இதே கதையை இன்னும் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்கு சோபா, இன்னொருவருக்குக் கட்டிலின் தலைமாடு. கடையில் ஏன் அடக்கமாகத் தெரிந்தது என்று சொல்கிறேன். அங்கே கூரை பதினைந்து இருபது அடி உயரத்தில் இருக்கும். சுற்றிவர அதைப்போல நாற்பது அலுமாரி நிற்கும், நடுவில் நடக்க ஆறடி அகலத்துக்குப் பாதை. அந்த இடத்தில் யானைக் குட்டியை நிறுத்தினாலும் சின்னதாகத்தான் தெரியும். நம்முடைய பழைய காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்ளேயே கட்டில், சாமிப் படம், பிள்ளைகளின் புத்தகம், டீவி எல்லாம் இருக்கிறது. இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய 7 பேர்ச் காணி வீடு என்றாலும் மொத்தமே 550 சதுர அடிதான்.

இப்போது செய்யக்கூடியது. அலுமாரி பலகைத் தூள் போர்டில் செய்ததா, முழு மரமா என்று பாருங்கள். போர்ட் என்றால் அநேகமாக ஆணியும் திருகும் போட்டுப் பூட்டியதுதான், பின்பக்கத் தட்டைக் கழற்றினால் முழுவதும் பிரிந்துவிடும். ஒரு தச்சு பாஸைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பலகையிலும் சோக்கால் இலக்கம் எழுதி, திருகுகளை ஒரு போத்தலில் போட்டு வைத்து, உள்ளே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். நீங்களாகச் சுத்தியலை எடுக்க வேண்டாம், போர்டில் திருகு போன துளை ஒருமுறை பிய்ந்தால் மறுபடி பிடிக்காது. முழு மரத்தில் பசை போட்டுச் செய்ததென்றால் அதைப் பிரிக்கக் கூடாது. அப்போது கழற்ற வேண்டியது வீட்டுக் கதவு நிலையைத்தான். அதற்குத் தோட்டத்து ஒபிசில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கடைக்காரர் திருப்பி எடுக்க வேண்டுமா என்றால், உண்மையைச் சொல்கிறேன், பொருளில் பழுதில்லை, சொன்ன அளவும் சரி என்றால் உங்கள் பக்கம் வலு குறைவு. ஆனால் விற்றவர் "லயத்து வீட்டுக்குள் தாராளமாகப் போகும்" என்று சொல்லி விற்றிருந்தாலோ, பில்லில் இருக்கிற அளவுக்கும் பொருளின் அளவுக்கும் வித்தியாசம் இருந்தாலோ நிலைமை வேறு. வாங்குகிறவரைத் தவறாக நம்பவைத்து விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். முறையான முறைப்பாடு என்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். பில்லை சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைக்காதீர்கள், அதன் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். போனில் படம் எடுத்து வையுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். நான் கடையில் நின்ற காலத்தில், ஒரு நாள் பூண்டுலோயாப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை செய்தவராம். சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். அதில் மூன்று முடிச்சு. முதல் முடிச்சு வரைக்கும் வீட்டுக் கதவின் அகலம், இரண்டாவது வரைக்கும் கட்டில் போட நினைத்திருந்த சுவர், மூன்றாவது வரைக்கும் உயரம். அடிக்கோலும் வேண்டாம், எழுதிய தாளும் வேண்டாம். ஒவ்வொரு கட்டிலாகக் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, இருபது நிமிடத்தில் ஒன்றைத் தெரிவு செய்துகொண்டு போனார். என்னுடைய 9 வருடத்தில் பொருளைத் திருப்பிக்கொண்டு வந்து சண்டை போட்டவர்களில் கயிறு கொண்டுவந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

கயிற்றோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, வாங்கப்போகிற பொருளின் அளவுக்குத் தரையில் விரித்து வைத்து ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றி நடந்து பாருங்கள். அலுமாரிக்கு உயரக் கணக்கு ஒன்றும் உண்டு. ஆறடி உயரம், இரண்டடி ஆழம் உள்ளதைப் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோய் நிமிர்த்தினால், நிமிரும்போது அதன் மூலை 6 அடி 4 அங்குலம் வரை ஏறும். கூரை சாய்வாக இறங்குகிற பக்கத்தில் அது தட்டும்.

"வீட்டுக்கு இலவச டெலிவரி" என்று சொன்னால், எந்த வாசல் வரைக்கும் என்று கேளுங்கள். லொறி நிற்கிற ரோடு வரைக்குமா, படி ஏறி இஸ்தோப்பு வரைக்குமா? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு மழைக்காலம்தான் போனது, அலுமாரியின் அடி பொங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
— மஸ்கெலியா வாசகர்

பதில்: ஏமாற்றினார்கள் என்று உடனே சொல்ல முடியாது. மரத்தூளையும் சிறு துண்டுகளையும் பசை போட்டு அழுத்திச் செய்வதுதான் அந்தப் போர்ட். மேலே ஒட்டியிருக்கிற மினுமினுப்புத் தாள் தண்ணீரைத் தாங்கும், ஆனால் வெட்டிய ஓரம் தாங்காது. ஓரத்தால் ஈரம் உள்ளே போனால் தூள் உப்பும், பசை விடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரை விடுவதில்லை, பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஆண்டுக் கடைசியில்தான் பெருமழை. கொழும்புக் காலநிலையை நினைத்துச் செய்த பொருள் நம் மிஸ்ட்டுக்குள் அதே மாதிரி நிற்காது.

அடுத்த முறை வாங்கும்போது கண்ணாடியையும் கைப்பிடியையும் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அடியைப் பாருங்கள். அடி ஓரம் மூடாமல் மரத்தூள் தெரிந்தால் அது நம் ஊருக்குச் சரிப்படாது. வீட்டில் சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி வையுங்கள், நாலு மூலைக்கும் செங்கல் துண்டு கொடுத்துத் தூக்குங்கள், திறந்த ஓரங்களுக்கு வார்னிஷ் அடியுங்கள். பொங்கிய பாகத்தை மட்டும் வெட்டி, மரச் சட்டம் வைத்து ஒரு பாஸ் சரிசெய்து தருவார். முழுதாக எறிய வேண்டாம். தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தில், நன்றாகக் காய்ந்த பலகையாகப் பார்த்துச் செய்த அலுமாரிகள் முப்பது வருடமாக நிற்கிற வீடுகள் எனக்குத் தெரியும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் நிற்கும்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். சோபா செட் ஒன்றை ஈசி பேமென்டில் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். வருடத்துக்கு 24 வீதம்தான் வட்டி என்கிறார்கள். எடுக்கலாமா?
— தலவாக்கலை

பதில்: பேப்பரும் பேனையும் எடுங்கள் அம்மா, சேர்ந்தே கணக்குப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இருக்கிற எண்கள் இவை: ரொக்க விலை 118,000 ரூபா. முதலில் 18,000 கட்ட வேண்டும். அப்புறம் 24 மாதம், மாதம் 6,200.

6,200ஐ 24ஆல் பெருக்கினால் 148,800. முதலில் கட்டிய 18,000ஐயும் சேர்த்தால் 166,800. அதாவது 118,000 ரூபாச் சாமானுக்கு 48,800 ரூபா கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால், கொழுந்து எடுக்கிற ஒருவருக்கு அது 36 நாள் வேலைக்கும் மேல். அந்த 36 நாளும் சோபாவுக்காகக்கூட இல்லை, காத்திருக்காமல் எடுத்ததற்காக மட்டும்.

வட்டிக்கு வருவோம். 100,000 ரூபாக் கடனுக்கு இரண்டு வருடத்தில் 48,800 என்பதால் வருடத்துக்கு 24 வீதம் என்று கடைக்காரர் சொன்னது கணக்கில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் அந்த இலட்சத்தை இரண்டு வருடம் முழுக்கக் கையில் வைத்திருக்கவில்லையே. மாதா மாதம் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். பன்னிரண்டாவது மாதத்தில் கடன் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும், வட்டி மட்டும் முதல்நாள் இலட்சத்துக்கே ஓடுகிறது. குறைகிற நிலுவைக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு 41 வீதத்துக்கும் மேல் வருகிறது. கடையில் நின்ற காலத்தில் நானும் இந்த 24 வீதத்தைச் சொல்லித்தான் விற்றேன். எனக்கும் யாரும் விளக்கிச் சொல்லவில்லை, ஒரு வங்கியில் வேலை செய்த தோழிதான் பிறகு இதை எழுதிக் காட்டினாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யார் யாருக்கு விற்றேன் என்று ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது.

தவணையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் பிள்ளையின் இன்சுலினை வைக்க முடியாத வீட்டுக்குத் தவணைதான் வழி. சோபா அப்படியானதா? உங்கள் லயத்தில் பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே 6,200ஐ மாதா மாதம் சீட்டிலோ வங்கிக் கணக்கிலோ போட்டால், கையில் இருக்கிற 18,000த்தோடு பதினேழாவது மாதத்தில் ரொக்கத்துக்கே எடுத்துவிடலாம். விலை கொஞ்சம் ஏறியிருக்கும்தான். 2022இல் கண்முன்னே ஏறியதைப் பார்த்த நமக்கு அந்தப் பயம் நியாயம். அப்படியிருந்தும் 48,800 ஏறுமா என்று யோசித்துப் பாருங்கள்.

எப்படியும் எடுப்பது என்று முடிவு செய்தால், ஒப்பந்தத் தாளில் மூன்றைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு தவணை பிந்தினால் எவ்வளவு தண்டம், முன்கூட்டியே கட்டி முடித்தால் வட்டியில் குறைப்பார்களா, பொருளைத் திருப்பி எடுத்துப்போகிற நிலை எப்போது வரும். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் அன்றைக்கே கையெழுத்து வைக்க வேண்டாம், தெரிந்த ஒரு பிள்ளையிடம் காட்டிவிட்டு மறுநாள் போங்கள். அன்றைக்குள் வைத்தால்தான் இந்த விலை என்று சொல்லுவார்கள். மறுநாளும் அதே விலைதான் இருக்கும்.

கேள்வி: பெரிய கடைகளில் விலை பேசலாமா?
— வட்டவளை

பதில்: பேசலாம். துணியிலும் சவர்க்காரத்திலும் நடக்காது, தளபாடத்தில் நடக்கும். மாதக் கடைசி வாரத்தில் போங்கள், விற்பனையாளருக்கு டார்கெட் முடிக்க வேண்டியிருக்கும். காட்சிக்கு வைத்த பொருளுக்குத் தனி விலை கேளுங்கள். விலை குறைக்க மாட்டோம் என்றால் டெலிவரியை இஸ்தோப்பு வரைக்கும் தரச் சொல்லுங்கள், அல்லது இரண்டு தலையணை கேளுங்கள். உத்தரவாத அட்டையையும் அங்கேயே பிரித்துப் படியுங்கள், "ஒரு வருடம்" என்று வாயால் சொல்லிவிட்டு அட்டையில் 350 நாள் என்று அச்சடித்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு டவுனில் இருக்கிற டிஸ்கவுண்ட் கடைக்குப் போவோம். ஒரு பெட்ஷீட் வாங்கப் போனால் பதினோராயிரத்துக்கு பில் வருகிறது. வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தால் பாதி தேவையில்லாதது. வீட்டில் என்னை ஊதாரி என்கிறார்கள். நான் அப்படியா?
— பெயர் வேண்டாம், பதுளை

பதில்: இல்லை. அந்தக் கடையை அப்படி அமைத்திருக்கிறார்கள், அதற்குள் போகிற யாருக்கும் இது நடக்கும்.

நீங்கள் தள்ளிக்கொண்டு போகிற அந்தத் தள்ளுவண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் அதை அறிமுகப்படுத்தினார். கைக்கூடை பாரமானதும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்தார், கூடைக்குச் சக்கரம் வைத்துவிட்டார். கை வலித்தால் போதும் என்று நமக்குத் தோன்றும் அல்லவா, அந்த வலியைத்தான் சக்கரம் எடுத்துவிடுகிறது. அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை, வண்டியைத் தொடாதீர்கள், கைக்கூடை எடுங்கள்.

அடுத்தது அந்தக் கோடு போட்டு வெட்டிய விலை. 3,990ஐ வெட்டி 1,990 என்று சிவப்பில் எழுதியிருப்பார்கள். டானியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்று இரண்டு உளவியல் அறிஞர்கள், 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பரிசோதனையைச் சொல்கிறார்கள். எண் போட்ட ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை வீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 விழுந்தவர்கள் சொன்னது ஏறக்குறைய 25 வீதம், 65 விழுந்தவர்கள் சொன்னது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதைப் பிடித்து இழுத்துவிட்டது. வெட்டிய 3,990ம் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, 1,990 ரூபாவுக்கு இது எனக்கு வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். நான் உண்மையிலேயே கையால் மறைப்பேன், பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

சோப்பு, மா, பால்மா மாதிரியானவற்றில் பெரிய பைக்கட் எப்போதும் இலாபம் என்று நினைக்காதீர்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று போனில் பிரித்துப் பாருங்கள், சில நேரம் சின்னதுதான் மலிவு.

ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் உங்கள் கடிதத்தில் பார்க்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு. மழையில்லாத, வெளிச்சமான, சுத்தமான இடம். பிள்ளைகள் ஓடலாம், யாரும் வேலை ஏவ மாட்டார்கள், பொருளைத் தொட்டுப் பார்க்க யாரையும் கெஞ்ச வேண்டாம். அது ஒரு பயணம், அதைச் சாமான் வாங்குகிற வேலையோடு சேர்த்துவிட்டோம். பிரித்துப் பாருங்கள். ஒரு ஞாயிறு பட்டியலோடு போய் அரை மணித்தியாலத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள், அப்புறம் பிள்ளைகளைப் பார்க்குக்கோ ஐஸ்கிறீம் கடைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். பதினோராயிரத்தில் பாதி மிஞ்சும். உங்களை ஊதாரி என்கிறவர்களையும் ஒருமுறை கூடவே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டியலை அவர்கள் கையில் கொடுங்கள்.

கேள்வி: தம்பி துபாயில் வேலை செய்கிறான். அங்கே ஐகியா என்ற கடைக்குள் போனால் வெளியே வர ஒன்றரை மணித்தியாலம் ஆகுமாம், தரையில் அம்புக்குறி போட்டிருக்குமாம், வாங்குகிறதை நாமே பூட்ட வேண்டுமாம். இது என்ன வியாபாரம்?
— பண்டாரவளை மாணவர்

பதில்: சுவீடன் நாட்டுக் கடை அது. இங்வர் காம்ப்ராட் என்பவர் 1943இல், தன்னுடைய 17 வயதில் தொடங்கியது. 1956இல்தான் தளபாடத்தைப் பிரித்துத் தட்டையான பெட்டியில் அடைத்து விற்கும் வழிக்கு வந்தார்கள். மேசையின் காலைக் கழற்றினால்தான் காருக்குள் போகும் என்ற பிரச்சினையிலிருந்து பிறந்த யோசனை என்று சொல்வார்கள். நமக்கு மிகவும் நெருக்கமான பிரச்சினை இல்லையா? இலங்கையில் அவர்களுக்குக் கடை கிடையாது. இந்தியாவில் முதற்கடை 2018இல் ஹைதராபாத்தில் திறந்தார்கள், உள்ளே ஆயிரம் பேர் இருந்து சாப்பிடுகிற உணவகத்தோடு.

அம்புக்குறி, கடை முழுவதையும் நீங்கள் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதற்காக. பாயைத் தேடிப் போனவர் விளக்கையும் தாண்டித்தான் வர வேண்டும். ஆனால் அந்தத் தட்டைப் பெட்டி யோசனையை நான் மதிக்கிறேன். எண்பது படி ஏறுகிற நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை, ஒரு பெட்டியை ஒருவர் தோளில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். நம் கடைகளிலும் பிரித்துப் பூட்டுகிற அலுமாரி, மேசை இப்போது கிடைக்கிறது, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், தானே பூட்டிய மேசையை அவ்வளவு சுலபத்தில் யாருக்கும் கொடுக்க மாட்டான். கையால் செய்ததற்கு மனதில் விலை கூடிவிடும்.

கேள்வி: வேலை முடிந்து நேரே ஹட்டனில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கையில் 60,000 ரூபா இருந்தது, மகளுக்குக் கட்டில் வாங்க. காலில் செருப்பு, சேலையில் கொழுந்துக் கறை. ஒருவரும் கிட்ட வரவில்லை. நான் போகிற பக்கமெல்லாம் ஒரு பையன் பின்னால் நடந்து வந்தான். விலை கேட்டேன், சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். எழுத வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.
— ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் என் சொந்த அம்மா என்னைப் பார்க்கக் கடைக்கு வந்தார். உங்களைப் போலத்தான், றப்பர் செருப்பு, தலையில் துண்டு. வாசலில் நின்ற கடை ஆள் ஒருவர் என் கூட வேலை செய்த பையனிடம், இவர்கள் பார்த்துவிட்டுத்தான் போவார்கள், நேரத்தை வீணாக்காதே என்று சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் ஓடிப்போய் என் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஆனால் உடனே சொல்லவில்லை, ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் சொன்னேன். அந்த ஒரு நிமிடம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் கேட்கிறேன்: வாசலில் கறை பட்ட சேலை தெரிந்தால் முதல் ஆளாக நீங்கள் போங்கள். "வாங்கம்மா, என்ன பார்க்கணும்" என்று தமிழில் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள்தான். கடைகளை நிரப்புகிற காசு அவர்கள் முதுகில் கூடை சுமந்து வந்த காசு. கடை முதலாளிகளுக்கும் சொல்கிறேன், தமிழ் தெரிந்த ஒருவரையாவது தளத்தில் நிறுத்துங்கள், விலை அட்டையிலும் பில்லிலும் தமிழ் போடுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, அது ஒரு சலுகை கிடையாது.

அம்மா, உங்களுக்குச் சொல்வது: வாங்காமல் திரும்பி வந்தது சரி. 60,000 ரூபாவை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. உடுப்பு மாற்றிக்கொண்டு மறுபடி போங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அடுத்த கடைக்குப் போங்கள், அதே சேலையோடு. கதிரை இருந்தால் உட்காருங்கள், தண்ணீர் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய் கட்டிலில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்தையை அழுத்திப் பார்க்கலாம், அடியில் பலகை எத்தனை என்று குனிந்து எண்ணலாம், அதெல்லாம் வாங்குகிற எல்லோருக்கும் உள்ள உரிமை. வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். அப்பா எனக்குப் படிக்கிற மேசை ஒன்றை 24,000 ரூபாவுக்குத் தவணையில் எடுக்கப் போகிறார். எனக்கு ஒரு பலகை போதும். வேண்டாம் என்றால் அப்பாவின் முகம் வாடிவிடும். என்ன சொல்ல?
— பொகவந்தலாவை

பதில்: மகளே, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "அப்பா, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய் மேசையைப் பார்ப்போமா, முதலில் பாஸிடம் விலை கேட்போமா" என்று கேளுங்கள். மேசை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறட்டும், தவணை மட்டும் இல்லாமல் போகட்டும். லாச்சி இல்லாமல், கண்ணாடி இல்லாமல், ஒரு சாதாரண மேசையை டவுனில் தச்சு பாஸ் செய்தால் கடை விலையைவிடக் குறைவாகவே வரும், சவுக்கோ கிரண்டிஸோ நன்றாகக் காய்ந்த பலகையாக அப்பாவையே தெரிவு செய்யச் சொல்லுங்கள்.

உயரம் இரண்டரை அடி இருக்க வேண்டும், அகலம் மூன்றடி போதும், ஆழம் இரண்டடிக்குக் குறையாமல் பாருங்கள், இல்லாவிட்டால் புத்தகமும் கொப்பியும் ஒன்றாக விரிக்க இடம் வராது. செய்யச் சொல்வதற்கு முன்னால் கதவு, மேசை வைக்கப் போகிற மூலை இரண்டையும் கயிற்றால் அளந்து அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். ஜன்னல் பக்கமாகப் போடுங்கள், ஆனால் சுவரோடு ஒட்டாமல். வலது கையால் எழுதுகிறவர் என்றால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும், அப்போதுதான் எழுதுகிற இடத்தில் கையின் நிழல் விழாது.